கழற்றி மாட்டும் ஷட்டில் களம்: வீட்டுக் கொல்லையில் நாமே அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

நம் வீடுகளின் கொல்லைப்புறம் ஒரே வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட இடமாக இருப்பதில்லை. அங்கேதான் துணி காய்கிறது, கோடையில் வடகமும் மிளகாயும் உலர்கின்றன, விசேஷம் வந்தால் பந்தல் போடப்படுகிறது, ஐப்பசியில் மழை பிடித்தால் சில நாள் தண்ணீரும் நிற்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் குழி வெட்டி, கான்கிரீட்டில் கம்பம் நட்டு, நிரந்தரமாக ஒரு ஆடுகளம் அமைப்பதற்குப் பெரும்பாலான குடும்பங்கள் சம்மதிப்பதில்லை. சம்மதிக்காததில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கால் மணி நேரத்தில் நிறுவி, அதே நேரத்தில் கழற்றி மூலையில் வைத்துவிடக்கூடிய ஷட்டில் களத்தை யாரும் மறுக்க மாட்டார்கள்.

அப்படியொரு களத்தை அமைக்கும் முறையை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதில் மிக அதிக இடம் பிடிக்கப்போவது கம்பத்தின் அடிப்பகுதி. கோடு சற்றுக் கோணினாலும் தரை சற்று மேடுபள்ளமாக இருந்தாலும் ஆடலாம். வலை தொய்ந்து, கம்பம் உள்பக்கம் சாய்ந்துவிட்டால் ஆட்டமே இல்லை. மண்ணில் புதைக்காத கம்பத்தை நேராக நிறுத்துவதுதான் இந்த வேலையின் உயிர்நிலை.

இடம் பார்ப்பது

இரட்டையர் ஆட்டத்துக்கான முழுக் களத்தின் நீளம் 13.40 மீட்டர், அகலம் 6.10 மீட்டர். அடிக்கணக்கில் இது 44 அடிக்கு 20 அடி, அதாவது 880 சதுர அடி. இரண்டு சென்ட்டுக்குச் சற்றே அதிகம். ஆனால் ஆடுபவர் கோட்டுக்கு வெளியேயும் ஓடுவார், கம்பத்தின் அடிச்சட்டமும் வெளிப்பக்கமாக நீண்டிருக்கும். ஆகவே நீளவாக்கில் இருபுறமும் 5 அடி, அகலவாக்கில் இருபுறமும் 4 அடி விட்டு, 54 அடிக்கு 28 அடி கிடைத்தால் வசதியாக ஆடலாம். இது ஏறத்தாழ மூன்றரை சென்ட். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. களத்தை நீளவாக்கில் பாதியாகப் பிரித்து, 13.40 மீட்டர் நீளமும் 3.05 மீட்டர் அகலமும் உள்ள அரைக் களத்தில் இருவர் ஆடுவது நல்ல பயிற்சி. பயிற்சியாளர்களே இதை விரும்பிக் கொடுப்பார்கள்.

நீளவாக்கு வடக்கு–தெற்காக அமைவது நல்லது. கிழக்கு–மேற்காக அமைந்தால் காலையில் ஒரு அணிக்கும் மாலையில் மறு அணிக்கும் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். உயரே போகும் பந்தை அண்ணாந்து பார்த்து ஆடும் விளையாட்டில் இது சிறிய குறையல்ல.

அடுத்ததாக ஆபத்துகளைப் பார்க்க வேண்டும். கொல்லையில் காய்க்கும் தென்னை இருந்தால் அதன் கீழ் களம் வேண்டாம். விழும் தேங்காயும் மட்டையும் யாரையும் பார்த்து விழுவதில்லை. கிணறு இருந்தால் கைப்பிடிச் சுவர் மட்டும் போதாது, மேலே இரும்புக் கிராதி போட்டிருக்க வேண்டும். செப்டிக் டேங்கின் மூடி களத்துக்குள்ளோ ஓடும் எல்லைக்குள்ளோ வரக்கூடாது. பழைய மூடிகள் மேலே நடக்கும்போது தாங்கினாலும் குதித்து இறங்கும்போது தாங்கும் என்று சொல்ல முடியாது. மின்கம்பி தலைக்கு மேலே போகுமானால் வேறு இடம் பாருங்கள். கழுத்துயரத்தில் இருக்கும் துணிக்கொடியை ஆட்டத்துக்கு முன் அவிழ்த்துவிட வேண்டும்; பந்தைப் பார்த்துப் பின்னோக்கி ஓடுபவருக்கு அது தெரியாது.

காற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷட்டில் காக்கின் எடை 5 கிராம் அளவுதான், மெல்லிய காற்றுக்கே அது திசை மாறும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் நண்பகல் வாக்கில் கடற்காற்று ஏறிவிடுவதால் விடியற்காலையே சிறந்த நேரம். பாலக்காட்டுக் கணவாயின் காற்று வரும் கோவைப் பகுதியிலும், தென்காசி, ஆரல்வாய்மொழிப் பக்கங்களிலும் ஆனி, ஆடி மாதங்களில் வெளிப்புற ஷட்டிலை நம்பித் திட்டமிட வேண்டாம். அங்கே அந்த மாதங்களுக்கு வேறு விளையாட்டு வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன். மற்ற இடங்களில் காற்று வரும் திசையில் உள்ள மதிலின் மேல், நாற்றங்காலுக்குப் பயன்படும் பச்சை நிழல்வலையைக் கட்டினால் ஆட்டம் வெகுவாகச் சீராகும். நிழல்வலையை வலைக்கம்பத்தில் ஒருபோதும் கட்டக்கூடாது. காற்று அதைப் பாய்போல் விரித்துக் கம்பத்தைச் சாய்த்துவிடும்.

தரை

சிமெண்ட் தளம் ஏற்கெனவே இருந்தால் தரைக்குச் செலவில்லை. வழுக்கும் பாசியைத் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளை அடைத்தால் போதும். ஆனால் சிமெண்டில் தொடர்ந்து குதித்து ஆடினால் முழங்காலுக்கு நல்லதல்ல என்பதால் மெத்தை வைத்த காலணி அவசியம்.

மண்தரையாக இருந்தால் புல்லையும் கல்லையும் நீக்கி, செம்மண் கலந்த கிராவலை மெல்லிய அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஈரம் பாதி உலர்ந்த பக்குவத்தில் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். ஒரேயடியாகத் தடிமனாகக் கொட்டி இடித்தால் மேற்பரப்பு மட்டும் இறுகும். அடியில் பொலபொலப்பாகவே இருந்து, ஒரு மழையில் குழி விழும். ஆகவே மூன்று விரல் தடிமனில் ஒவ்வொரு அடுக்காக இடியுங்கள். தண்ணீர் வடிய, அகலவாக்கில் ஒரு பக்கம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சரிவு இருக்கட்டும்; 6.10 மீட்டர் அகலத்துக்கு அது 6 செ.மீ. வரும். ஆடும்போது இந்தச் சரிவு தெரியாது, மழைநீருக்கு மட்டும் தெரியும். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். மேலே சாணம் கரைத்து மெழுகினால் புழுதி அடங்கும், ஆனால் ஈரம் நன்றாகக் காயும்வரை கால் வைக்காதீர்கள்.

மூன்றாவது வழி, ஒன்றோடொன்று கொக்கி போட்டு இணையும் பிளாஸ்டிக் ஓடுகள். ஓர் அடிக்கு ஓர் அடி அளவுள்ள ஓடானால் முழுக் களத்துக்குச் சரியாக 880 ஓடுகள் வேண்டும். மழைநீர் துளை வழியே இறங்கிவிடும், வேண்டாதபோது பெயர்த்து அடுக்கலாம். ஆனால் இவற்றைச் சமமான தரைமேல்தான் விரிக்க முடியும், செலவும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதிகமாகும். வெயிலில் இவை விரிவடையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே 13 மீட்டர் நீளம் சில சென்டிமீட்டர் கூடிவிடும், மதிலை ஒட்டி விரித்தால் நடுவில் உப்பிக்கொள்ளும். நான்கு ஓரத்திலும் இடைவெளி விடுங்கள். முதல் ஆண்டு உள்ள தரையிலேயே ஆடிப் பார்த்து, வீட்டார் தொடர்ந்து ஆடுகிறார்கள் என்று தெரிந்தபின் ஓடு வாங்குவதே சரி என்பது என் கருத்து.

கம்பமும் அடிச்சட்டமும்

விதிப்படி கம்பத்தின் உயரம் 1.55 மீட்டர். வலையின் மேல் விளிம்பு நடுவில் 1.524 மீட்டர் உயரத்தில், அதாவது சரியாக 5 அடியில் இருக்க வேண்டும். ஆக, கம்பத்துக்கும் நடுப்பகுதிக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட தொய்வு 26 மில்லிமீட்டர் மட்டுமே. அந்த அளவுக்கு வலையை இழுத்துக் கட்ட எவ்வளவு விசை தேவை என்று கணக்கிட்டால்தான் அடிச்சட்டத்தின் வடிவம் புரியும்.

வலையும் அதன் மேல்நாடாவும் கயிறும் சேர்ந்து அரை கிலோ என்று கொள்வோம். எடையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் கயிற்றின் இழுவிசை கிடைக்கும். 0.5 கிலோவை 6.10 மீட்டரால் பெருக்கி, 0.026 மீட்டரின் எட்டு மடங்கான 0.208-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14.7 கிலோ வருகிறது. அரை கிலோ வலைதானே என்று நினைக்கிறோம், அதை நேராக நிறுத்த ஒவ்வொரு கம்பமும் கிட்டத்தட்ட 15 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பு 1.55 மீட்டர் உயரத்தில் நிகழ்வதால், கம்பத்தைக் கவிழ்க்க முயலும் விசைத்திருப்பம் 14.7 பெருக்கல் 1.55, அதாவது 23 கிலோ-மீட்டர் அளவு (இது தூரமல்ல; கிலோவை மீட்டரால் பெருக்கி வரும் கவிழ்ப்பு அளவு).

இதை எதிர்க்க இரண்டே வழிகள் உண்டு: எடையைக் கூட்டலாம் அல்லது எடையைக் கம்பத்திலிருந்து தள்ளி வைக்கலாம். கம்பத்தை ஒரு வாளி சிமெண்டுக்குள் நட்டு வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதில் எடை முழுவதும் கம்பத்தின் காலடியிலேயே இருப்பதால், வாளியின் அரை விட்டமான 15 செ.மீ. மட்டுமே நெம்புகோலாக உதவுகிறது; 23 கிலோ-மீட்டரைத் தாங்க அங்கே 150 கிலோவுக்கு மேல் வேண்டும். அதே எடையை வெளிப்பக்கமாக 95 செ.மீ. தள்ளி வைத்தால் 25 கிலோவே சமன் செய்துவிடும். காற்றுக்கும், கம்பத்தில் சாயும் குழந்தைக்கும் இடம்விட்டு 40 கிலோ வைத்தால் 38 கிலோ-மீட்டர் கிடைக்கிறது. தேவையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். வெல்டிங் பட்டறையில் நீங்கள் சொல்ல வேண்டிய வடிவம் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

ஒவ்வொரு கம்பத்துக்கும் இவற்றைச் செய்யச் சொல்லுங்கள். பக்கக்கோட்டின் மேல், கோட்டோடு ஒத்துப் படுக்கும்படி 80 செ.மீ. நீளமும் 40 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிமனும் உள்ள பட்டை இரும்பு ஒன்று. ஆட்டக்கோட்டின் அகலமும் 40 மி.மீ. என்பதால் இது கோட்டுக்குள்ளேயே அடங்கும், களத்துக்குள் நீட்டிக்கொண்டு காலைத் தடுக்காது. அதன் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 1.10 மீட்டர் நீளத்துக்கு 40-க்கு 40 மி.மீ. சதுர டியூப் ஒன்று. இதை வால் என்று வைத்துக்கொள்வோம். வாலின் முனையில், இரண்டு வாளிகள் பக்கத்தில் பக்கம் உட்காரும் அளவுக்கு, 70 செ.மீ.க்கு 35 செ.மீ. அளவில் ஆங்கிள் இரும்பால் ஒரு தட்டுச் சட்டம். பட்டையும் வாலும் சேரும் இடத்தில் 2 அங்குல ஜி.ஐ. குழாயில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) 30 செ.மீ. துண்டு ஒன்றைச் செங்குத்தாகப் பற்றவைத்து, அதன் உச்சியிலிருந்து வாலுக்குச் சாய்வாக ஒரு முட்டு கொடுக்க வேண்டும். இந்த முட்டு இல்லாவிட்டால் பற்றவைப்பு விரைவில் விட்டுவிடும்.

கம்பம் ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய். இது 2 அங்குலக் குழாய்க்குள் சில மில்லிமீட்டர் இடைவெளியோடு இறங்கும். அந்த இடைவெளியில் கம்பம் ஆடாமலிருக்க, சொருகு குழாயில் (அந்த 2 அங்குலத் துண்டில்) மேலொன்றும் கீழொன்றுமாக போல்ட்டுக்கான நட் பற்றவைத்து, இரண்டு போல்ட்டுகளை முடுக்கி நிறுத்தலாம். ஒன்றேகால் அங்குலக் குழாயை ஒன்றரை அங்குலத்துக்குள் சொருகலாம் என்று யாராவது சொன்னால், கடையிலேயே சொருகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்; வழக்கமான தடிமனில் அது உள்ளே இறங்காது. பி.வி.சி. குழாயில் கம்பம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலே சொன்ன இழுப்பில் 2 அங்குல பி.வி.சி. அதன் தாங்கும் எல்லைக்கே வந்துவிடுகிறது. வெயிலில் இன்னும் இளகி வளையும். குழந்தைகள் தொய்வான வலையில் ஆடிப் பழகுவதற்கு மட்டும் அது போதும்.

கம்பத்தின் நீளத்தை 1.85 மீட்டராக வெட்டச் சொல்லுங்கள். விதியைவிட இது உயரம்தான், ஆனால் ஒரே கம்பத்தில் மூன்று விளையாட்டுகள் ஆட இது உதவும். தரையிலிருந்து 0.91, 1.55, 1.83 மீட்டர் உயரங்களில் சிறு கப்பி மாட்டும் வளையம் வைத்து, சொருகு குழாய்க்குச் சற்று மேலே வெளிப்பக்கத்தில் ஒரு கொக்கியும் பற்றவைக்க வேண்டும்.

பட்டறைக்காரருக்கு ஒரு வேண்டுகோள் வைக்க மறவாதீர்கள்: ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்குமுன் அந்த இடத்தின் துத்தநாகப் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு, திறந்தவெளியில், முகக்கவசத்தோடு பற்றவைக்க வேண்டும். துத்தநாகம் எரியும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பூச்சு போன இடங்களில் ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன்மேல் எனாமலும் அடித்தால்தான் துரு ஏறாது. வாலுக்கும் தட்டுச் சட்டத்துக்கும் பளிச்சென்ற மஞ்சள் நிறம் கொடுங்கள். வலையோரம் ஓடிவருபவர் தடுக்கி விழாமலிருக்க அது உதவும். கம்பத்தைச் சுற்றித் தலையுயரம் வரை, ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கருப்பு ஃபோம் உறையைப் போடுவது குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம்.

எதிர் எடைக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி மிகப் பொருத்தம். முழுக்க மணல் நிரப்பினால் 30 கிலோவை எட்டும், தூக்கி நகர்த்த முடியாது. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி மூடினால் 20 கிலோ. கம்பத்துக்கு இரண்டு, ஆக மொத்தம் நான்கு வாளிகள். மணலுக்கு எம்-சாண்ட் போதும், காய்ந்ததாக இருக்கட்டும். மணல் கிடைக்காத இடத்தில் 20 லிட்டர் குடிநீர் கேன்களில் தண்ணீர் நிரப்பி வைக்கலாம். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் கேனைத் தூக்கிச் செல்லலாம் என்பதால் முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இதுவே எளிது.

சிமெண்ட் அல்லது ஓட்டுத் தரையில் அடிச்சட்டம் உள்பக்கமாக வழுக்கும் வாய்ப்பு உண்டு. பட்டைக்கும் தட்டுச் சட்டத்துக்கும் அடியில் பழைய டயர் ரப்பரை வெட்டி ஒட்டினால் அது நிற்கும்.

பட்டறைக்குச் செல்ல விரும்பாதவர்களுக்கு மண்தரையில் ஒரு மலிவான வழி இருக்கிறது. மூன்று அங்குலச் சவுக்குக் கம்பை நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து வெளிப்பக்கமாக 45 பாகைச் சாய்வில் கயிறு இழுத்து, தரையில் சாய்வாக அடித்த முளையில் கட்டலாம். கயிற்றில் 21 கிலோ அளவு இழுப்பு வரும். காய்ந்த மண்ணில் இரண்டடி முளை அதைத் தாங்கும். மண் நனைந்தால் முளை தளரும், கயிறும் ஒன்றரை மீட்டருக்கு மேல் வெளியே நீண்டு காலைத் தடுக்கும். இடம் தாராளமாக உள்ள தோட்ட வீடுகளுக்கு மட்டுமே இது ஏற்றது.

வலை

வலை 6.10 மீட்டர் நீளமும் 76 செ.மீ. ஆழமும் கொண்டதாக இருக்க வேண்டும். மேல்விளிம்பில் 75 மி.மீ. வெள்ளை நாடா மடித்துத் தைத்திருக்கும். விலை குறைந்த வலைகளில் வரும் நைலான் கயிறு வெயிலில் நீண்டுகொண்டே போகும் என்பதால் அதை உருவி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உறையிட்ட மெல்லிய இரும்புக் கம்பிக்கயிற்றைக் கோத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை முதல் கம்பத்தின் வளையத்தில் நிலையாக மாட்டி, மறுமுனையை இரண்டாம் கம்பத்தின் கப்பி வழியே வெளிப்பக்கம் இறக்கி, கீழுள்ள கொக்கியில் டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் இணைப்பான்) வைத்து இணைத்தால், திருகித் திருகி வேண்டிய இறுக்கத்துக்குக் கொண்டுவரலாம். 5 அடி நீளமுள்ள ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொண்டு நடுவில் நிறுத்திப் பாருங்கள். நாடாவின் மேல்விளிம்பு குச்சியின் உச்சியைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் திருகுவது அடிச்சட்டத்துக்கு வீண் சுமை. பக்கவாட்டில் வலைக்கும் கம்பத்துக்கும் இடையே பந்து நுழையும் சந்து இல்லாமல் கட்டுங்கள்.

களத்தை அளப்பது

மூலைமட்டம் இல்லாமலே துல்லியமாக அளக்க ஒரு வழி உண்டு. வலை நிற்கும் கோட்டிலிருந்து தொடங்குங்கள். 6.10 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகள் அடியுங்கள். நீளாத கயிற்றில் 6.70 மீட்டரில் ஒன்றும், 9.06 மீட்டரில் ஒன்றுமாக இரண்டு அளவுக் கயிறுகள் தயார் செய்துகொள்ளுங்கள். இடது முளையிலிருந்து 6.70 கயிற்றையும் வலது முளையிலிருந்து 9.06 கயிற்றையும் இழுத்துப் பிடித்து, இரண்டின் நுனியும் சந்திக்கும் புள்ளியில் முளை அடித்தால் அது இடது மூலை. கயிறுகளை மாற்றிப் பிடித்தால் வலது மூலை. மறுபுறமும் இப்படியே செய்தபின், முழுக் களத்தின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் 14.72 மீட்டராக இருந்தால் களம் சதுரிப்பாக அமைந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு முறையும் இப்படி அளக்கத் தேவையில்லை. கம்பம் நிற்கும் இரண்டு இடங்களிலும் நான்கு மூலைகளிலும் தரைமட்டத்துக்குக் கீழ் இறங்கும்படி சிறு கான்கிரீட் வில்லைகளைப் புதைத்து, அடையாளம் வைத்துவிட்டால் போதும்.

கோடுகள்

உள்கோடுகளை வலையிலிருந்து அளப்பதே வசதி. முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து 1.98 மீட்டரில் தொடங்கும். அதன் அகலம் 40 மி.மீ. அதன்பின் 3.88 மீட்டர் தள்ளி இரட்டையருக்கான பின் சர்வீஸ் கோடு, அதன்பின் 72 செ.மீ. இடைவெளி, கடைசியில் எல்லைக்கோடு. இவை அனைத்தையும் கூட்டினால் 6.70 வரும். அகலவாக்கில் ஒற்றையர் பக்கக்கோட்டின் வெளிவிளிம்பு இரட்டையர் கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து 46 செ.மீ. உள்ளே இருக்கும், நடுக்கோடு முன் சர்வீஸ் கோட்டிலிருந்து பின் எல்லை வரை ஓடும்.

கழற்றக்கூடிய கோட்டுக்கு, கட்டிலுக்குப் பின்னும் வெள்ளைப் பிளாஸ்டிக் நாடா நல்ல தேர்வு. கடைகளில் கிடைக்கும் ஒன்றரை அங்குல நாடா 38 மி.மீ. இருக்கும், வீட்டு ஆட்டத்துக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல. பருத்தி நாடா நனைந்தால் சுருங்கிக் களத்தின் அளவையே மாற்றிவிடும். எல்லாக் கோடுகளுக்கும் சேர்த்து 100 மீட்டர் தேவை. ஒற்றையர் கோடுகளை விட்டுவிட்டால் 73 மீட்டர் போதும். சந்திக்கும் இடங்களில் தைத்து, மூலைகளில் உலோகக் கண் வளையம் அடித்துவிடுங்கள். மண்ணில் பொருத்த, தடித்த கம்பியை ப வடிவில் வளைத்துக் கவிழ்த்து அழுத்தி, தலை தரையோடு படியும்படி தட்டிவிட வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி வெறுங்காலுக்குப் பெரிய ஆபத்து. ஆட்டம் முடிந்து எடுக்கும்போது கம்பிகளை எண்ணி எடுங்கள்.

சிமெண்ட் தரையில் நாடா நகரும் என்பதால் அங்கே பெயிண்ட் கோடே சிறந்தது. களம் அடிக்கடி இடம் மாறுமானால் கோலமாவுக் கல்பொடியால் கோடு போடலாம். சுண்ணாம்புத் தூளைப் பயன்படுத்தாதீர்கள், கண்ணில் பட்டால் புண்ணாக்கும்.

நிறுவும் வரிசையும் கழற்றும் வரிசையும்

முதலில் அடிச்சட்டங்களை அவற்றின் அடையாளத்தில் வையுங்கள். அடுத்து வாளிகளைத் தட்டுச் சட்டத்தில் ஏற்றுங்கள். அதன்பிறகே கம்பத்தைச் சொருகிப் போல்ட்டை முடுக்கி, வலையை மாட்டி, கடைசியாக டர்ன்பக்கிளைத் திருக வேண்டும். கழற்றும்போது இதற்கு நேர் எதிர்: முதலில் டர்ன்பக்கிளைத் தளர்த்தி வலையை இறக்குங்கள், கம்பத்தை உருவுங்கள், இறுதியில்தான் வாளிகளை இறக்க வேண்டும். வலை இறுக்கமாக இருக்கும்போதே ஒருவர் வாளியைத் தூக்கிவிட்டால், ஏறத்தாழ 7 கிலோ எடையுள்ள இரும்புக் கம்பம் களத்துக்குள் சாயும். அங்கே குழந்தைகள் நின்றுகொண்டிருக்கலாம். இந்த வரிசையை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, ஒருமுறை செய்து காட்டிச் சொல்லிக் கொடுங்கள்.

காற்றுக் காலத்துக்கு வேறு ஆட்டங்கள்

நம் பள்ளிகளில் ஆடப்படும் டென்னிகாய்ட் எனும் வளையப்பந்துக்குக் களம் 40 அடிக்கு 18 அடி, வலை உயரம் 6 அடி. கம்பத்தின் உச்சி வளையம் அதற்காகத்தான். ரப்பர் வளையம் காற்றைப் பொருட்படுத்தாது. ஷட்டில் களத்துக்குள்ளேயே இதன் களம் அடங்கிவிடும். ஆடிக்காற்று வீசும் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கொல்லைப்புற ஆட்டம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சிமெண்ட் தரை உள்ளவர்கள், துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை மட்டையால் அடித்து ஆடும் பிக்கிள்பாலும் ஆடலாம். அதன் களமும் 44-க்கு 20 அடியே. வலை ஓரத்தில் 36 அங்குலமும் நடுவில் 34 அங்குலமும் இருக்க வேண்டும், வலைக்கு இருபுறமும் 7 அடியில் ஒரு கோடு கூடுதலாக வேண்டும். அதன் மட்டையோசை பலமாகக் கேட்கும் என்பதால் அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. தஞ்சைப் பகுதியில் பிறந்து வளர்ந்த பூப்பந்தாட்டத்தை (பால் பேட்மிண்டன்) இந்தக் களத்தில் ஆட முடியாது. ஐவர் அணி ஆடும் அதற்கு 24 மீட்டருக்கு 12 மீட்டர் வேண்டும்.

உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு 2019-இல் திறந்தவெளிக்கென்றே ஏர்பேட்மிண்டன் என்ற வடிவத்தை அறிமுகப்படுத்தியது. அதன் இரட்டையர் களம் 16 மீட்டருக்கு 6 மீட்டர்; காற்றைத் தாங்குவதற்கென வடிவமைத்த தனிப் பந்தில் ஆடப்படும்; வலையிலிருந்து 2 மீட்டர் வரை உள்ள பகுதியில் பந்து விழுந்தால் புள்ளி இல்லை. நீளவாக்கில் இடம் உள்ளவர்கள் அந்தக் களத்தையே அமைக்கலாம். மேலே சொன்ன கம்பம் அதற்கும் பொருந்தும்.

விளக்கு

மாலை ஆட்டத்துக்கு எல்.இ.டி. ஃபிளட் விளக்குகளைக் களத்தின் பக்கவாட்டில், வலைக்கோட்டை ஒட்டிய மதில் அல்லது மாடிச் சுவரில் உயரமாகப் பொருத்துங்கள். பின்எல்லைக்குப் பின்னால் வைத்தால் எதிரணியின் கண் கூசும். மழை நுழையாத ஐ.பி. 65 தர விளக்கும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், சரியான எர்த்தும் இல்லாமல் வெளிப்புற இணைப்பு எடுக்காதீர்கள். தரையில் எக்ஸ்டென்ஷன் ஒயர் கிடக்கும் களத்தில் ஆடவே கூடாது.

பந்தும் பராமரிப்பும்

வெளிப்புறத்துக்கு நைலான் பந்தே கட்டுப்படியாகும். அதன் கார்க் தலையைச் சுற்றியுள்ள பட்டையின் நிறம் வேகத்தைச் சொல்லும்: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. வெப்பக்காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் அதில் பந்து அதிக தூரம் பறக்கும். நம் சமவெளி ஊர்களின் கோடைக்குப் பச்சையும், மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த காலைக்கு நீலமும் பொருந்தும்.

வலையை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், தரையில் வைத்தால் எலி கடிக்கும். உலர்த்திச் சுருட்டி, கம்பியில் தொங்கவிடுங்கள். நாடாக் கோட்டை ஒரு மரக்கட்டையில் சுற்றி வைத்தால் அடுத்த முறை சிக்கின்றிப் பிரியும். போல்ட்டுகளுக்கும் டர்ன்பக்கிளுக்கும் மாதம் ஒருமுறை கிரீஸ் தடவ வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் எல்லாவற்றையும் கழற்றி, அடிச்சட்டங்களைச் செங்கல்மேல் உயர்த்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். மணல் வாளிகளின் மூடி இறுக்கமாக இருக்கிறதா, கேன்களில் தண்ணீர் தங்கி அதில் கொசு முட்டையிடாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தரை இறுகியபின், முதலில் தரையின் குழிகளை நிரப்பி இடித்துவிட்டு, மூலைவிட்டங்களை மீண்டும் ஒருமுறை அளந்த பிறகே வலையைக் கட்டுங்கள்.